இரண்டு இழுப்பு அதிகம்

கடலோர ஊர் ஒன்றில் மோட்சராக்கினி படகு எஞ்சின்களைப் பழுது பார்த்துவந்தாள். ஊருக்கு அவள் மேஸ்திரி. அவளிடம் தொழில் கற்க வந்த தொம்மை அவளைவிட இருபது வயது மூத்தவர்.

அன்று தொம்மை முதல்முறையாகத் தனியாக ஓர் எஞ்சினைக் கோத்துக்கொண்டிருந்தார். அது அவர் மகனுடைய படகின் எஞ்சின். மறுநாள் காலை மகன் அப்பா இல்லாமல் கடலுக்குப் போகிறான். அதுவும் முதல்முறை.

பிஸ்டன் ரிங்கின் முனைகளை அரத்தால் ராவி, இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட வேண்டும். சூட்டில் ரிங் நீளும். இடம் இல்லாவிட்டால் முனைகள் முட்டி எஞ்சின் இறுகி நின்றுவிடும். இது தொம்மைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் வினையாயிற்று.

அரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"மேஸ்திரி, கெடுத்துட்டேன்."

"என்ன மாமா?"

"இடைவெளி சரியாத்தான் வந்துச்சு. அளவுத் தகடு பிடிச்சாப்புல போச்சு. அப்புறம் பயம் வந்துடுச்சு. நடுக்கடல்ல முட்டிக்கிட்டா? இன்னும் ரெண்டு இழுப்பு ராவிட்டேன். இப்போ தகடு லொடலொடன்னு போகுது."

"ரெண்டுதானா?"

"நாலு."

மேஸ்திரி சிரித்தாள்.

"சிரிக்காதீங்க. ராவினதை ஒட்டவா முடியும்? வேற ரிங் வாங்கிட்டு வர நாளைக்கு சாயங்காலம் ஆயிடும். போகாதேடான்னா, என்மேல நம்பிக்கை இல்லையான்னு அவன் சண்டைக்கு வருவான்."

அவள் மண்ணெண்ணெய்த் தட்டிலிருந்து ஓடித் தேய்ந்த ஒரு பழைய ரிங்கை எடுத்தாள். அதே சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளினாள்.

"தகட்டை விட்டுப் பாருங்க."

தொம்மை விட்டார். நுழைந்தது. இரண்டு தகடுகளைச் சேர்த்து விட்டார். அதுவும் நுழைந்தது. இன்னொன்றையும் சேர்த்தார். அதுவும் போனது. நிமிர்ந்து அவளிடம் கேட்டார்.

"இது எந்த எஞ்சின்ல இருந்தது?"

"சிலுவை அண்ணன் படகுல. நேத்து கழட்டினேன்."

"அது தானா ஓடித்தானே கரைக்கு வந்துச்சு?"

"ஆமா."

"இடம் பத்தாம முட்டின எஞ்சினெல்லாம்?"

"அதுவும் கரைக்கு வந்துச்சு. இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துட்டு வந்துச்சு."

தொம்மை டீசல் டிரம்மின் மேல் உட்கார்ந்தார்.

"அப்போ நான் ராவினதையே மாட்டிடலாமா?"

"மாட்டுங்க."

"ஒண்ணும் ஆகாதே?"

"கொஞ்சம் புகையும்."

"துறைமுகமே சிரிக்குமே, தொம்மை கோத்த எஞ்சின் புகையுதுன்னு."

"சிரிக்கட்டும் மாமா. பையன் வீடு வந்து சேருவான்."