பன்னிரண்டு பக்கம்

தேவசகாயத்துக்கு அறுபத்தொரு வயது. அவருக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுத்த அங்கயற்கண்ணிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மர்மக்கதையில் டீச்சரை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் எண்ணம்.

தேவசகாயத்தின் நாவலைப் பதிப்பகம் இரண்டு முறை திருப்பிவிட்டது. நடுவில் பன்னிரண்டு பக்கம் வளவளவென்று போகிறதாம். அதை வெட்டினால் போடுவோம், இல்லையென்றால் இனி அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள்.

அந்தப் பக்கங்களில் நேசமணி என்ற நர்ஸ், வேலைக்கு நடுவே சுக்குக்காப்பி குடிக்க ஃப்ளாஸ்க்கைத் திறக்கிறாள். யாரோ கூப்பிடுகிறார்கள். மூடிவிட்டுப் போகிறாள். பகலெல்லாம் இப்படியே. சாயங்காலம் குடிக்கிறாள், சாகிறாள். விஷம் வைத்தது யார் என்பது கடைசிப் பக்கத்தில்.

வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. நேசமணி உயிரோடு இருப்பதே அந்தப் பன்னிரண்டு பக்கத்தில்தான்.

"டீச்சர், மர்மக்கதைக்கும் த்ரில்லருக்கும் என்ன வித்தியாசம்?"

அதற்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை எழுத்தாளர் கூட்டத்துக்குக் காஜா மைதீனையும் வரச்சொல்லப் போவதாகச் சொன்னார்.

தேவசகாயத்தின் முகம் சுருங்கியது. காஜாவின் த்ரில்லர் நாவல்கள் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்குபவை. "முதல் பக்கத்துலயே கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கிற மனுசன்கிட்ட நான் என்னத்தக் கத்துக்க?"

பாளையங்கோட்டையில் கூடும் அந்த எழுத்தாளர்களுக்கு ஒரு வழக்கம். எழுதியவர் தன் கதையை வாசிக்கக் கூடாது, இன்னொருவர்தான் வாசிப்பார். டீச்சர் அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் நாவலின் கடைசிப் பக்கத்தையும் காஜாவிடம் கொடுத்தார். காஜா நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு கடைசிப் பக்கத்தை உருவி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

"அண்ணாச்சி கோவிச்சுக்கிடக் கூடாது" என்று ஆரம்பித்தார்.

மேலே வைத்த பக்கத்தில், காலை ஆறு மணிக்கே நேசமணியின் கொழுந்தன் ஃப்ளாஸ்க்கில் விஷம் கலந்துவிட்டான். அடுத்து அதே பன்னிரண்டு பக்கம், ஒரு எழுத்தும் மாறாமல். நேசமணி ஃப்ளாஸ்க்கைத் திறந்தாள். முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"குடிச்சிராத தாயி" என்றார் ருக்மணியம்மாள், வாய்க்குள்ளேயே. முப்பது நாவல் எழுதியவர்.

தேவசகாயம் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். தான் எழுதியதுதான், முடிவு தெரிந்ததுதான்.

கூட்டம் கலைந்தபின் டீச்சரிடம் கேட்டார், "பக்கத்தை மாத்தி வச்சா இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியாது. நானும் இன்னிக்குத்தான் பாத்தேன். காஜா கை போற இடத்துக்கு என் கை போகாது."

"அப்ப இந்தக் கடைசிப் பக்கத்தை நான் எங்க வைக்க?"

"நான் எழுதினா, அவ செத்த பிறகு எல்லாரும் அவளைத் தேடுவாங்க சார். காஜா எழுதினா, அவ இருக்கும்போதே எல்லாரும் அவ பக்கத்துல உக்காந்திருப்பாங்க. உங்க நேசமணிக்கு எது வேணும்?"

 தேவசகாயம் தாள்களை அடுக்கியபோது, மேலே இருந்த கடைசிப் பக்கத்தை மேலேயே விட்டார்.