விளக்கு வைத்தபின் உறைமோர்

ரொம்பக் காலத்துக்கு முன்னே புன்னைவள நாட்டைக் கீர்த்திமாறன் என்றொரு ராஜா ஆண்டான். கெட்டவனில்லை. ஆனால் படுக்கையில் தோன்றியது பல் துலக்குவதற்குள் சட்டமாகிவிடும். அப்படித்தான் ஒருநாள் தண்டோரா போட்டான்: தலைநகரில் எந்த வீடும் சும்மா இருக்கக் கூடாது, வீட்டுக்கு ஒரு தொழில் நடக்க வேண்டும், நடக்காத வீடு வருகிற பௌர்ணமியில் அரண்மனைக்குச் சேரும்.

சேனாதிராயருக்குக் காதில் தேன் பாய்ந்தது. ராஜாவின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் அதிகாரி அவர். தம் மாளிகையை ஒட்டியிருந்த சின்ன வீட்டை இடித்துக் குதிரை லாயம் கட்ட வேண்டுமென்று நெடுநாள் ஆசை. அந்த வீட்டில் குழலாயி என்ற விதவை தனியாக இருந்தாள். "அது மூதேவி குடியிருக்கிற வீடு, மகாராஜா. அங்கே என்ன தொழில் நடக்கும்?" என்று சபையிலேயே சொல்லிவைத்தார். பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது.

குழலாயிக்குப் பிள்ளை குட்டி இல்லை. புருஷன் போனபின் உறவும் வருவதை நிறுத்திக்கொண்டது. அந்த நாலு சுவரை விட்டால் அவளுக்குப் போக்கிடமில்லை. கையிலிருந்த சொற்பக் காசில் என்ன தொழில் செய்வது? முறுக்குச் சுடலாமென்றால் எண்ணெய்க்கே காசு போதாது. அப்பளத்துக்குக் கூடமாட ஒரு ஆள் வேண்டும். பூக் கட்டலாம், ஆனால் அவள் கை கட்டிய பூவை எந்தச் சுமங்கலி வைத்துக்கொள்வாள்?

ஒரு சாயங்காலம் பாலைக் காய்ச்சிவிட்டுப் பார்த்தால் உறை ஊற்ற மோர் இல்லை. அடுத்த வீட்டில் போய்க் கேட்டாள்.

"விளக்கு வைச்சாச்சே, குழலாயி. இனிமே உறைமோர் குடுத்தா லட்சுமி போயிருவா. காலையில வா" என்று கதவைச் சாத்தினார்கள்.

ஊர் வழக்கம் அது. கடைக்காரன்கூட அந்த நேரத்தில் உப்பு, ஊசி தரமாட்டான். வெறும் கிண்ணத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தவளுக்கு அழுகைதான் வந்தது. அழுது முடித்தபோது தொழிலும் கிடைத்துவிட்டது.

ஒரு கலயம் தயிர், கொஞ்சம் உப்பு, ஒரு கை ஊசி, அவ்வளவுதான் முதல். ஊரெல்லாம் இல்லை என்று சொல்லும் அந்தி வேளையில் அவள் கதவு மட்டும் திறந்திருந்தது. முந்தானைக்குள் கிண்ணத்தை மறைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒரு பிடி அரிசி கொடுத்துவிட்டு ஒரு கரண்டி மோர் வாங்கிப் போனார்கள்.

சேனாதிராயருக்கு வயிறு எரிந்தது. விளக்கு வைத்தபின் விற்று ஊர் லட்சுமியையே விரட்டுகிறாள், வீட்டைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்று கோள் மூட்டினார். ராஜாவுக்கு வேடிக்கை பார்க்க ஆசை. அவரையும் கூட்டிக்கொண்டு அந்தியில் வந்து நின்றான்.

குழலாயி கும்பிட்டாள். சேனாதிராயர் புகாரைத் திரும்பச் சொல்லி முடித்ததும் பேசினாள்.

"மகாராஜா, இது மூதேவி வீடுன்னு ஐயா சபையிலேயே சொன்னாராம். மூதேவி வீட்டிலேருந்து சீதேவி எப்படிப் போவா? இல்லை, சீதேவி இங்கே இருக்கான்னு இப்ப ஒத்துக்கிட்டா, அவ இருக்கிற வீட்டை இடிக்கலாமான்னு ஐயாவே சொல்லட்டும்."

அந்த நேரம் பார்த்துச் சேனாதிராயர் வீட்டுச் சமையற்காரி கிண்ணத்தோடு படியேறி வந்து, எசமானைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். வீட்டைக் குழலாயி பேருக்கே சாசனம் செய்யச் சொன்னான். பிறகு, பகலிலும் ஏதாவது விற்கலாமே, ஏன் இந்த ஒரு நேரம் மட்டும் என்று கேட்டான்.

"பகல் எப்படியோ போயிருது, மகாராஜா. விளக்கேத்தினப்புறந்தான் வீட்டிலே ஆளில்லைன்னு தெரியுது. அந்த நேரத்துக்கு யாராச்சும் வரணும்னுதான்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. சேனாதிராயருக்கு ஒரு தண்டனை சொன்னான். இனிமேல் தினமும் அந்தியில் அவரே கிண்ணம் ஏந்தி வந்து உறைமோர் வாங்க வேண்டும். வாங்கிக்கொண்டு, சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அவரும் வந்தார். விறைப்பாக நின்று, கூரையைப் பார்த்தபடி கேட்டார். ராஜா கேட்கச் சொன்ன கேள்வி என்று குழலாயிக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அவர் வந்து கேட்கும்வரை அவள் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.