காவிக் குழம்பும் குளவியும்

அந்தக் காலத்தில், எல்லா உயிர்களும் ஒரே பேச்சுப் பேசியபோது, குளவிகள் மனிதர் வாசல் பக்கமே வராது. காட்டு மரங்களில்தான் கூடு கட்டும். அப்போது கரட்டுப்பட்டியில் சிலம்பாயி என்றொரு குயத்தி இருந்தாள்.

ஒருநாள் கிணற்றுத் தவளை ஊரே கேட்கும்படி கத்தியது. "அஞ்சாம் நாள் மழை! ஒரே மழை! அதை விட்டா அடுத்த ஆடி வரைக்கும் சொட்டுக் கிடையாது!"

ஊரே சிலம்பாயி வீட்டுக்கு ஓடிவந்தது. "பானை குடு தாயி, பானை குடு!"

சுடாத பானைகள் நூறு இருந்தன. ஆனால் அந்த ஊர் மண்ணில் மணல் அதிகம். எத்தனை சுட்டாலும் பானை கசியும். ராத்திரி நிரப்பினால் விடிவதற்குள் பாதி தரைக்குப் போய்விடும்.

மண் தேடி, வற்றிக்கொண்டிருந்த குளத்துக்குப் போன சிலம்பாயி, புளியமரத்தடியில் உடைந்து விழுந்த குளவிக் கூட்டை எடுத்துத் தடவினாள். வெண்ணெய் மாதிரி வழவழப்பு! கிளையில் ஒரு குளவி புதுக்கூடு கட்டிக்கொண்டிருந்தது.

"ஏ குளவி, இந்த மண்ணை எங்கே எடுத்தே?"

"நீ எடுக்கிற இடத்துலதான். கலங்கின தண்ணியில மணல் முதல்ல உட்காரும். நைசான மண்ணு கடைசியா மேலே படியும். நான் மேலே இருக்கிறதை மட்டும் எடுப்பேன்."

சிலம்பாயி ஓட்டமாய் ஓடினாள். செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்தாள். மணல் இறங்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மேலே கலங்கி நின்றதை மட்டும் வேறொரு பானையில் சாய்த்தாள். அது தெளிந்ததும் மேல்தண்ணீரை இறுத்தாள். அடியில் பாலேடு போலக் காவிக் குழம்பு! ஒரு பானையில் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துச் சுட்டுத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

"நிக்குது! தண்ணி நிக்குது!" என்று தெருவெல்லாம் கூவினாள்.

அந்தக் குதூகலத்தில் மீதிக் குழம்பை அப்படியே வெயிலில் விட்டுவிட்டாள். நான்காம் நாள் காலையில் பார்த்தால், அது கல்லாய்க் காய்ந்து வெடித்திருந்தது. கிணற்றிலும் சேறுதான் மிச்சம்.

அந்நேரம் குளவி பறந்து வந்தது. "குளமும் காஞ்சு போச்சு சிலம்பாயி. முட்டை வச்ச கூட்டை மூட ஈரமண் இல்லை. எறும்பு வந்துடும்."

சிலம்பாயி வீட்டுக்குள் போய், குடிக்க வைத்திருந்த கடைசிக் குடம் தண்ணீரைத் தூக்கிவந்தாள். அவள் புருஷன் இருளன் பதறினான்.

"அடியே! நாளைக்கு மழை வரலேன்னா?"

"வரும்" என்றவள் மொத்தத்தையும் குழம்பின் மேல் கவிழ்த்தாள். கட்டி இளகியது. விரலால் வழித்த முதல் குழம்பைக் குளவிக்குத்தான் நீட்டினாள்.

"பிள்ளைகுட்டிகளோட என் வீட்டுக்கே வந்துடு. யாரும் தொடமாட்டாங்க."

"வாறேன். ஆனா நீயும் குழம்புப் பானை வாயை ஈரம் போகாம மூடி வை. நான் கூட்டு வாயை மூடறது எதுக்காம்?"

ஈரத்துணியால் மூடி மூடி, எடுத்து எடுத்து, பொழுது சாய்வதற்குள் நூறு பானைக்கும் பூசினாள். சூளை இரவெல்லாம் எரிந்தது. ஐந்தாம் நாள் இடி முழங்கிக் கொட்டிய மழையில் தெரு நீளத்துக்கும் பானைகள் நிரம்பி வழிந்தன. மறுநாள் ஒவ்வொரு பானையின் அடியையும் ஊரார் தொட்டுப் பார்த்தார்கள். காய்ந்திருந்தது.

குயவர்கள் காவிக் குழம்பை ஈரத்துணியால் மூடிக் காப்பதும், குளவி துணிந்து வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டுவதும், அதை யாரும் கலைக்காமல் விடுவதும் அன்று முதல்தான்.