கட்டைவிரல் ஆடாத புதிர்

கொன்றையூரை ஆண்ட அதிவீரவேளுக்குப் பெயரில்தான் வீரம். போர் பிடிக்காது, வேட்டை பிடிக்காது, புதிர் போடத்தான் பிடிக்கும். ஒரு சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறிப்பை ஒளித்து, சபை நடுவே வீசுவார். பிறகு மந்திரிகள் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிப்பார். பக்கத்து ராஜாக்கள் யாரும் கொன்றையூர் மேல் படையெடுத்ததே இல்லை. பிடிபட்டால் உட்கார வைத்துப் புதிர் போடுவாரே என்கிற பயம்தான்.

அந்தச் சபையில் புதிர் அவிழ்க்கும் உத்தியோகம் ஆவுடையப்பனுக்கு. விடை சொல்லும் நாளில் சேகண்டி ஒரே ஒரு முறை ஒலிக்கும். அந்தக் கணத்திலேயே போட்டவரும் அவிழ்த்தவரும் சேர்ந்து விடையைச் சொல்ல வேண்டும். பிறகு யாரும் மாற்றிப் பேசக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

ஒரு தடவை அரசர் போட்ட புதிர் இது: "தங்கத்தில் தலை, மங்கை கையில் மிச்சம்; மழை வந்தால் பாடும்." சபையே அரண்மனைப் பாடகியைத் திரும்பிப் பார்த்தது. அவளோ, பாவம், மழை வந்தால் தொண்டை கட்டிக்கொள்கிறவள். சேகண்டி ஒலித்ததும் அரசரும் ஆவுடையப்பனும் ஒரே குரலில் 'தவளை' என்றார்கள். தங்கத்தின் தலையெழுத்து 'த', மங்கை கையில் 'வளை' என்று ஆவுடையப்பன் விளக்க, சபை அசந்துபோனது.

நமக்குள் இருக்கட்டும், ஆவுடையப்பனுக்குப் புதிர் அவிழ்க்கச் சுட்டுப்போட்டாலும் வராது. அது அவனுக்கே நன்றாகத் தெரியும். அவனுடைய மணை அரசரின் காலடியில் இருந்தது. விடை நெருங்க நெருங்க அரசரின் வலக்கால் கட்டைவிரல் தானாக ஆடும். இவன் யோசிப்பது போல வாய்க்கு வந்ததை முணுமுணுப்பான். 'பாடகி' என்றால் விரல் சும்மா கிடக்கும். 'குளம்' என்றால் துடிக்கும். 'தவளை' என்றால் தாண்டவமே ஆடிவிடும். அகப்பட்ட விடைக்கு விளக்கம் கட்டுவதில் மட்டும் மனிதன் கெட்டிக்காரன். ஊரார் அவனை மேதை என்று கும்பிடும்போது, கும்பிடு அந்த விரலுக்கல்லவா போகவேண்டும் என்று அவனுக்குச் சிரிப்பு வரும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் ஒருநாள் மண் விழுந்தது. மதிய விருந்து முடிந்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வந்த அரசர் புதிய புதிரைச் சொன்னார்: "வாலிழந்த குதிரை நிலவை விழுங்கிற்று, தேடினால் அரண்மனையிலேயே அகப்படும். நாலெழுத்து."

ஆவுடையப்பன் வழக்கம்போல முணுமுணுத்தான். லாயம், கொள்ளு, விளக்கு, வெள்ளித்தட்டு, சமையற்காரன் வரைக்கும் போய்விட்டான். விரல் கல்லாகக் கிடந்தது.

அவன் மணைமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த பண்டிதர் ஞானசிகாமணி இவன் திணறுவதைக் கவனித்துவிட்டார். தாம் விடையைக் கண்டுபிடித்தாகிவிட்டது என்று அரசரிடம் போய்ச் சொன்னார். அரசர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. நாளைக்கே சேகண்டி, ஆவுடையப்பன் தோற்றால் மணை பண்டிதருக்கு என்று சொல்லிவிட்டார்.

ஆவுடையப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணை போனால் அரண்மனை தந்த வீடு போகும். வீடு போனால் மாமனார் வீட்டோடு மாப்பிள்ளையாகக் காலம் தள்ள வேண்டும். இவன் எதற்கும் லாயக்கில்லை என்று கல்யாணப் பந்தலிலேயே சொன்ன மனிதர் அவர். அவர் சொன்னது சரிதான் என்பதுதான் இவனுக்கு இன்னும் பயம்.

மறுநாள் காலை சபையில் அரசர் புதிரை மறுபடி சொன்னார். ஆவுடையப்பன் கண் காலிலேயே இருந்தது. மற்றப் புதிர்களைச் சொல்லும்போது, விடை உள்ளே குறுகுறுக்க, சொல்லும்போதே அந்த விரல் துள்ளும். இன்றைக்கு அசைவே இல்லை. அண்ணாந்து பார்த்தான். அரசர் பண்டிதரின் வாயையே ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சேகண்டி ஒலித்தது.

'நரபதி' என்று பண்டிதர் தூண் அதிரக் கத்தினார். ஆவுடையப்பன் வாயைத் திறக்கவில்லை. அரை நொடி தாமதித்து யார் குரலோடாவது ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்த அரசர், இவன் சும்மா இருப்பதைப் பார்த்துத் திகைத்து, திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டார்.

பண்டிதர் விளக்கத் தொடங்கினார். வாலில்லாதவன் நரன், நிலவோ விண்மீன்களுக்குப் பதி, ஆக நரபதி. குதிரை என்னாயிற்று என்று யாரோ கேட்க, அதன்மேல்தான் அரசர் இருக்கிறாரே என்றார்.

ஆவுடையப்பன் எழுந்து வணங்கினான். "அரசே, சேகண்டி அடித்தபோது தாங்கள் சொன்ன விடையும் நான் சொன்ன விடையும் அட்சரம் பிசகாமல் ஒன்றாக இருந்தன. பண்டிதருடையதுதான் ஒட்டவில்லை."

அரசர் முகம் சிவந்தது, உதடு துடித்தது, கடைசியில் அடக்கமுடியாமல் குபீரென்று சிரித்துவிட்டார். புதிரைக் கட்டியபோது விடை பளிச்சென்று இருந்ததாம். தூங்கி எழுந்தால் குதிரையும் நிலவும்தான் மிச்சமாம். பண்டிதர் சொல்லித்தான் தெரிந்துகொள்ளலாம் என்று காத்திருந்தாராம். பண்டிதர் மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"அது சரி, எனக்கு விடை தெரியாது என்பது உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார் அரசர்.

"விடை தெரியாதவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, அரசே? தினமும் கண்ணாடியில் பார்க்கிறேனே."

அரசருக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. இப்பேர்ப்பட்ட அறிவாளி இனிக் காலடியில் உட்காரக்கூடாது, தமக்குச் சமமாக, பக்கத்திலேயே யானைத் தந்த ஆசனம் போடுங்கள் என்று உத்தரவிட்டார். ஆவுடையப்பனுக்குப் பகீர் என்றது. தந்த ஆசனத்திலிருந்து பார்த்தால் அரசரின் காது தெரியும், கால் தெரியுமா?

சட்டென்று மணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் அரசே. என் அறிவுக்குத் தங்கள் காலடிதான் சரியான இடம்" என்றான்.

எவ்வளவு அடக்கம் என்று சபை முழுதும் கண் கலங்கியது. அரசர் மனம் குளிர்ந்து, அப்போதே இன்னொரு புதிரை எடுத்துவிட்டார். கட்டைவிரல் துள்ளத் தொடங்கியது.