மணலுக்குள்ள படுத்திருந்த ஆறு

ஒரு காட்டுல ஒரு ஆறு இருந்துச்சு புள்ளைங்களா. மழைக்காலத்துல நெளிஞ்சு நெளிஞ்சு ஓடும். வெயில் காலம் வந்தா வெக்கை தாங்காம மணலுக்குள்ள போயி படுத்துக்கும். மேல பாத்தா வெறும் மணல். உள்ள ஜில்லுன்னு தண்ணி.

அது எங்க படுத்திருக்குன்னு மோந்து பாத்தே சொல்லிருவா காத்தாயி. யாரு அவ? யானை. பிடிவாதக்காரி. முன்னங்காலால மணலக் கிளறி, தும்பிக்கையால அள்ளிப் போட்டு ஊத்து தோண்டுவா. குடிச்சதும் மூடாம விட்டுட்டு நகந்துருவா. பின்னாடி மான் குடிக்கும், பன்னி குடிக்கும், சிட்டுக்குருவி குடிச்சதுமில்லாம ஒரு குளியலும் போடும். தோண்டினவ மூடக் கூடாது, வந்தவங்கள விரட்டக் கூடாது. யானைங்க வழக்கம் அது.

அந்த வருசம் காத்தாயி குட்டி போட்டிருந்தா. பொறந்து பதினஞ்சே நாள். ஆத்தாளுக்குத் தண்ணி இருந்தாத்தான குட்டிக்குப் பாலு? இந்த ஆத்த விட்டா அடுத்த தண்ணி மூணு நாள் நடை. அந்தப் பொடிக்கால வச்சுக்கிட்டு குட்டி எங்க நடக்கும்?

பக்கத்துக் காட்டுல ஒரு சிங்கராசா. அவருக்குப் பாறையில படுத்தா இடுப்பு வலிக்குதாம். மெத்து மெத்துன்னு மணல் படுக்கை வேணுமாம். "மணல் கொண்டா, நான் தின்ன மிச்சமெல்லாம் உனக்கு"ன்னு இந்தக் காட்டு நரிகிட்ட சொல்லிட்டாரு. நரிக்கு வேலை செய்யத் தெரியாது. வாய் மட்டும் ஏழு ஊருக்கு நீளம்.

மறுநாளே ஆத்துல கூட்டம் போட்டுச்சு.

"சனங்களே! இந்த மணல் நம்ம தண்ணிய எத்தனை காலமா மறைச்சு வச்சிருக்கு பாத்தீங்களா? ஒரு வாய்த் தண்ணிக்கு யானை வரட்டும்னு காத்துக் கெடக்கணுமா? மணல வாரித் தூரப் போடுங்க. தண்ணி பளிச்சுன்னு கண்ணு முன்னாடி நிக்கும்!"

மானுங்க யார் பேசினாலும் தலையாட்டும். ஆட்டுச்சுங்க. மொட்டையன்னு ஒரு பன்னி. நல்ல உழைப்பாளி, யோசிக்கிற வேலைய மட்டும் அடுத்தவங்களுக்கு விட்டுருவான். "எங்கண்ணே நோண்டணும்?"னான்.

காத்தாயிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"ஏலே நரி! மணல் தண்ணிய மறைக்கலடா, பொத்தி வச்சிருக்கு. அத உருவிட்டா வெயில் சும்மா விடுமா?"

"பாத்தீங்களா, பாத்தீங்களா! ஊத்து தோண்டுற பவுசு போயிருமேன்னு அம்மாவுக்குப் பயம். காடு முன்னேறினா இவளுக்கு ஆகாது!"

மானுங்க அதுக்கும் தலையாட்டுச்சு.

காத்தாயி குட்டியத் தள்ளிக்கிட்டு ஆத்து வளைவுக்குப் போனா. மணல் மேல பொத்துன்னு உக்காந்தா. "இந்த எடத்துல ஒருத்தன் கால் வைக்கட்டும், பாக்குறேன்"னா. ஒருத்தனும் வைக்கல.

மத்த எடமெல்லாம் போச்சு. பன்னிங்க நோண்டுச்சு, குரங்குங்க தேக்கெலையில அள்ளி அள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் சுமந்துச்சு. பத்தே நாள். ராசா புது மெத்தையில உருண்டாரு. நரிக்கு எலும்பு வந்துச்சு.

ஆத்துலயும் தண்ணி நின்னுச்சு, பளிச்சுன்னு! மானுங்க மொகம் பாத்துக்கிச்சு. குருவி மூணு வேளை குளிச்சுது. "நான் சொல்லல?"ன்னு நரி நெஞ்ச நிமித்துச்சு.

மேல ஒருத்தன் இருக்கானே, சூரியன், அவனும் பாத்தான். அவனுக்கும் தாகம். தண்ணி வெளிய தெரிஞ்ச எட்டாம் நாள் சேறு. பத்தாம் நாள் சேறும் இல்ல. தண்ணியப் பாத்து வந்த தவளைங்க வாயப் பொளந்து கெடந்துச்சு. வெடிச்ச களிமண்ணுல ரெண்டு மான்குட்டி படுத்துச்சு. எந்திரிக்கவே இல்ல.

அப்பவாச்சும் நரி வாய மூடுச்சா? மறுபடி கூட்டம்!

"தண்ணி ஏன் போச்சு? நீங்க அளவில்லாமக் குடிச்சதாலதான்! ஏ குருவி, குளிச்சியா இல்லையா?"

"குளிச்சேங்க"ன்னு குருவி ஓன்னு அழுதுச்சு.

"ஒத்துக்கிச்சு பாருங்க! ராசாவே மனசு ஒடஞ்சு சொல்லி அனுப்பியிருக்காரு. இனிமே ஆளுக்கு ஒரு சொட்டு கொறைச்சுக் குடிக்கணுமாம்."

கேட்டீங்களா புள்ளைங்களா நியாயத்த? ஆத்தையே அள்ளிட்டுப் போயி அதுமேல குறட்டை விடுறவரு சிக்கனம் பேசுறாரு. குத்தவாளி யாருன்னா, கட்டைவிரல் பருமன் இருக்குற குருவியாம்!

நாக்குத் தொங்க எல்லாம் ஆத்து வளைவுக்குப் போச்சுங்க. அங்க காத்தாயி உக்காந்து காத்த மணல்ல ஊத்து தோண்டி வச்சிருந்தா. குட்டி அவ மடியில முட்டி முட்டிப் பால் குடிச்சிட்டிருந்துச்சு. மொட்டையன் தலையத் தொங்கப்போட்டு நின்னான்.

"அக்கா, நான்தான் நோண்டி..."

"முதல்ல குடி. அப்புறம் வையிறேன்."

குடிச்சு முடிச்சதும் வஞ்சா. நல்லாவே வஞ்சா. அப்புறம் சொன்னா, "ஒரு யானை உக்காந்த அகலத்து மணல் இது. காட்டுக்கே எத்தனை நாளைக்கு ஊறும்? அள்ளினவங்க எல்லாம் அள்ளினதத் திருப்பிக் கொண்டாங்க. வழியில சிந்தினது, எல்லையில குவிஞ்சது, எல்லாம்."

கடைசியா நரி வந்துச்சு. "அத விரட்டுக்கா!"ன்னு எல்லாம் கத்துச்சுங்க.

"வந்தவங்கள விரட்டக் கூடாது. குடிடா."

நரி வயிறு முட்டக் குடிச்சு வாயத் தொடச்சுக்கிட்டு, "அக்கா மனசு தங்கம்! மணல் கொண்டாற வேலைய நான் மேப்பார்வை பாக்குறேன்"னுச்சு.

"அதுக்கு மொட்டையன் இருக்கான். உனக்கு வேற வேலை. ராசா இடுப்புக்கு அடியில கெடக்கு பாரு, அதான் பெரிய குவியல். அத நீ அள்ளிட்டு வா."

"ஐயோ! அவரு முழிச்சிட்டா?"

"முன்னேற்றத்தப் பத்திப் பேசு."

நரி திரும்பிப் பாத்துச்சு. பின்னாடி மொட்டையன், குரங்குங்க, செத்த குட்டிங்களோட ஆத்தா மானு. இந்தத் தடவ மான் தலையாட்டல. முறைச்சுக்கிட்டு நின்னுச்சு.

வேற வழியில்லாம நரி எல்லை தாண்டிப் போச்சு. பூனை மாதிரி நடந்து ராசா பக்கத்துல குனிஞ்சு, ஒரு வாய் நிறைய மணல அள்ளுச்சு.

ராசா ஒத்தைக் கண்ணத் தொறந்தாரு.

"என்னடா பண்ற?"

வாய் நிறைய மணல். ஏழு ஊருக்கு நீளமான அந்த வாயால, அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியல.

நீதி: ஆத்த அள்ளிட்டுப் போனவன் சிக்கனம் சொல்லித்தர வந்தா, அள்ளினத முதல்ல திருப்பி வைக்கச் சொல்லு.