அஞ்சு மூலை ஆணி

மலையடிவாரத்துல ஒரு ஊரு இருந்துச்சு கண்ணுங்களா, அந்த ஊர்ல ஒச்சாயி ஒச்சாயின்னு ஒரு பொம்பள இருந்தா. அவ புருசன் பேரு சோணை. அவங்களுக்குச் சொத்துன்னு இருந்தது ஒரு கிணறும், கிணத்தச் சுத்தி ஒரு துண்டு வெத்தலக் கொடிக்காலுந்தான். வெத்தலக் கொடி இருக்கே, அது கைப்புள்ள மாதிரி. காலையில ஒரு தரம் தண்ணி கேக்கும், சாயங்காலம் ஒரு தரம் தண்ணி கேக்கும். ரெண்டு நாள் விட்டா மூஞ்சியத் தொங்கப் போட்டுரும், நாலு நாள் விட்டா கருகியே போயிரும்.

சோணைதான் ஏத்தத்துல ஏறி நின்னு தண்ணி இறைப்பான். ஒரு மழைக்காலத்துல கால் வழுக்கி மேலருந்து விழுந்தான் பாருங்க, இடுப்பு போயிருச்சு. அப்புறம் உக்காந்து வெத்தல அடுக்குவான், கட்டுக் கட்டுவான், ஆனா ஒரு செம்புத் தண்ணியக் குனிஞ்சு தூக்க முடியாது. அதனால ஒச்சாயி குடத்தால மொண்டு மொண்டு ஊத்துனா. ஊத்தி ஊத்தி அவ கையும் காய்ச்சுப் போச்சு.

அப்பத்தான் கோட்டையூர்ல இருந்து குபேரலிங்கம்னு ஒரு வியாபாரி, மாட்டுவண்டியில தமுக்கு அடிச்சுக்கிட்டு வந்தான். வண்டியில என்ன இருந்துச்சு? தண்ணி இறைக்கிற ராட்டினம். இப்ப மோட்டார் இருக்குல்ல, அப்ப அதுதான் மோட்டார்னு வச்சுக்கங்க. கைப்பிடியச் சுத்துனா சக்கரம் சுத்தும், சக்கரத்துல கோத்த சட்டியெல்லாம் கிணத்துக்குள்ள போயித் தண்ணிய மொண்டுக்கிட்டு மேல வரும்.

"ஒத்த ஆளு போதும்! ஒத்தக் கை போதும்! தச்சாசாரி கேக்குற கூலியில பாதி போதும்!"னு கத்துனான்.

பாதி விலைன்னா யாருக்குத்தான் ஆசை வராது? ஒச்சாயி காதுல கெடந்த தண்டட்டியக் கழட்டிக் கொடுத்துட்டு ஒரு ராட்டினத்த வாங்கி மாட்டுனா. அடி ஆத்தி, சுத்துனா தண்ணி கொட்டுது! கொடியெல்லாம் பச்சப்பசேல்னு அகத்தி மரத்த அணைச்சுக்கிட்டு ஏறுச்சு. சோணை சிரிச்சான், ஒச்சாயி சிரிச்சா. ஒரு நாள் ஆச்சு, பத்து நாள் ஆச்சு, நாப்பது நாள் ஆச்சு.

நாப்பத்தோராம் நாள் காலையில கைப்பிடியச் சுத்துறா, 'கடக்'குன்னு ஒரு சத்தம். கைப்பிடி மட்டும் சுத்துது, சக்கரம் அப்படியே நிக்குது.

என்னன்னு பாத்தா, கைப்பிடிக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு சின்ன இரும்புப் பொட்டி, அதுக்குள்ள ரெண்டையும் கோக்குற ஆணி ஒடைஞ்சிருக்கு. எம்புட்டு ஆணி? சுண்டு விரலு அளவு. அதுவும் சும்மா ஆணியில்ல, அஞ்சு மூலை வச்ச ஆணி. ஒரு துண்டு கையில வந்துருச்சு. உள்ள இருந்த துண்டு மாவா உதிர்ந்து கொட்டிருச்சு.

"இதென்ன பெரிய காரியம், நம்ம கொல்லாசாரி ஒரு நிமிசத்துல அடிச்சுக் கொடுப்பாரு"ன்னு ராட்டினத்தத் தலையில தூக்கிக்கிட்டு இருளப்ப ஆசாரி பட்டறைக்குப் போனா.

ஆசாரி உருண்டை ஆணி ஒண்ணப் போட்டுப் பாத்தாரு, லொடலொடன்னு ஆடுச்சு. நாலு மூலை ஆணி ஒண்ணப் போட்டுப் பாத்தாரு, வாசல்லயே நின்னுக்கிச்சு. அஞ்சு மூலையாவே ஒண்ணு அடிச்சுப் போட்டாரு, பாதி தூரம் போயி முட்டிக்கிச்சு.

"தாயி, உள்ள போகப்போக ஓட்டை முறுக்கிக்கிட்டுப் போகுது. எத்தன முறுக்குன்னு பொட்டியத் தொறந்து பாத்தாத்தான் தெரியும். தொறக்கலாம்னா, இங்க பாரு, சுத்திலும் ஈயத்தக் காய்ச்சி ஊத்தியிருக்கான். முப்பது வருசமா இந்தப் பட்டறையில உக்காந்திருக்கேன், தொறக்கவே கூடாதுன்னு செஞ்ச சாமான இன்னைக்குத்தான் பாக்குறேன். ஒடைஞ்ச துண்டப் பாத்தியா? மேல இரும்புக் கலரு, உள்ள முக்காவாசி மண்ணு. நாலு மூலை வச்சிருந்தா நான் போட்டுருவேன்ல, அதுக்குத்தான் அஞ்சு மூலை." ஆசாரி கோவத்துல சுத்தியலால பொட்டி மேல ஒரு போடு போட்டாரு, ஈயம் அசையல.

சரி, வித்தவன்கிட்டயே போவோம்னு ஒச்சாயி கட்டுச்சோறு கட்டிக்கிட்டுக் கோட்டையூருக்கு நடந்தா. போக ஒரு பகலு, வர ஒரு பகலு.

"ஐயா, ஆணி ஒண்ணு ஒடைஞ்சு போச்சு."

"ஓ, அந்த ஆணியா? சரக்கு இன்னும் வரலம்மா. வர்ற சந்தைக்கு வா."

திரும்பி வந்தா, கொடியில அடி இலையெல்லாம் மஞ்சப் பூத்துக் கெடக்கு. குடம் குடமா ஊத்துனா. சந்தை நாள் வந்துச்சு, திரும்ப நடந்தா.

"ஐயா, அந்த ஆணி."

"எப்ப வாங்குன? ரெண்டு மாசம் ஆச்சா? அட, அது பழைய தினுசும்மா. அதுக்கு ஆணி அடிக்கிறதையே நிறுத்தியாச்சு. அச்சையும் உருக்கியாச்சு. இப்ப புதுத் தினுசு வந்திருக்கு, ஒண்ணு எடுத்துக்கறியா?"

"ரெண்டு மாசத்துல பழசாயிருமாய்யா? என் வீட்டுத் தொடப்பக்கட்டையே ரெண்டு வருசம் ஒழைக்குதே!"

"அப்ப தொடப்பக்கட்டையாலயே தண்ணி இறை"ன்னுட்டு அவன் உள்ள போயிட்டான். எப்படி இருந்திருக்கும் அவளுக்கு? நெஞ்சு எரிஞ்சுச்சு. திரும்பி வந்தா, நடு இலையெல்லாம் மஞ்சப் பூத்துக் கெடக்கு. பாதிக் கொடி கருகிருச்சு. சோணை தவழ்ந்து தவழ்ந்து ஒவ்வொரு செடிக்கும் கையால தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்தான். அதப் பாத்ததும் ஒச்சாயி ஒரு வாய் சோறுகூட சாப்புடாம, மூணாவது தரமா ராட்டினத்தையே தலையில தூக்கிக்கிட்டு நடந்தா.

வியாபாரி ராட்டினத்த இப்படிப் பாத்தான், அப்படிப் பாத்தான். ஆசாரியோட சுத்தியலுத் தடம் ஒண்ணு பொட்டியில இருந்துச்சு. அதக் கண்டுட்டான்.

"ஏம்மா, வெளி ஆளு இதுல கை வச்சிருக்கானே! வெளி ஆளு கை வச்சா நான் பொறுப்பில்ல. போ போ."

"நீங்க ஆணி கொடுத்திருந்தா நான் ஏன்யா வெளி ஆளுகிட்டப் போறேன்?"

"பேசாதம்மா, யாவாரத்தக் கெடுக்காத."

ஒச்சாயி ராட்டினத்தத் திரும்பத் தலையில ஏத்திக்கிட்டுத் தெருவுல எறங்கி நடந்தா. அழுகை வரல, கோவந்தான் வந்துச்சு. வர்ற வழியில ஒரு ஊரு. அங்க ஒரு வீட்டு வாசல்ல இதே ராட்டினம், அதுல கோழி அடைஞ்சிருக்கு. அடுத்த ஊரு. அங்க ஒரு வீட்ல இதே ராட்டினம், அதுல சேல காயுது. அதுக்கடுத்த ஊரு. அங்கயும் இதே ராட்டினம், அதுல சுரக்கொடி ஏறிக் காய்ச்சுத் தொங்குது.

ஒச்சாயி நின்னா. "ஏம்மா, உங்க ராட்டினம் எப்படிம்மா கெட்டுச்சு?"

"ஒரு ஆணி ஒடைஞ்சு போச்சு தாயி, அஞ்சு மூலை ஆணி."

"எத்தனாவது நாளு?"

"நாப்பது நாளு இருக்கும்."

எல்லா வீட்லயும் அதே பதிலு. அவங்கெல்லாம் என்ன நெனச்சிருக்காங்கன்னா, நமக்குத்தான் கையி ராசியில்ல, நாமதான் வேகமாச் சுத்திட்டோம், நாமதான் கெடுத்துட்டோம்னு நெனச்சிருக்காங்க! ஒரு வீட்ல புருசன் பொண்டாட்டிய அடிச்சே இருக்கான், நீதான ஒடைச்சேன்னு. ஒச்சாயிக்கு ஒடம்பெல்லாம் கொதிச்சுச்சு. வீடு வீடா ஏறி ஒடைஞ்ச ஆணித் துண்டுகளக் கேட்டு வாங்கி, மடி நிறையக் கட்டிக்கிட்டு நேரா ராசா அரமனைக்குப் போனா.

காவக்காரங்கிட்டச் சண்ட போட்டு உள்ள போனா, ராசா அப்பத்தான் சாப்புட்டு எந்திரிச்சு உக்காந்திருக்காரு. ஒச்சாயி மடிய அவுத்து ஆணியெல்லாத்தையும் கொட்டுனா.

"மகராசா, நியாயம் வேணும்."

ராசா பாத்தாரு. "என்னம்மா இது, சுண்டு விரலு ஆணி! இதுக்கெல்லாம் ராசாகிட்ட வருவாங்களா?"ன்னு சொல்லிக்கிட்டே வெத்தலத் தட்டுல கைய விட்டாரு. தட்டுல வெறும் காம்பும் பாக்கும் கெடந்துச்சு. "எங்கடா என் வெத்தல?"ன்னு கத்துனாரு.

சேவகன் நடுங்கிக்கிட்டு, "ராசா, மலையடிவாரத்துல இருந்து வெத்தலையே வரல"ன்னான்.

"எப்படி வரும் ராசா?"ன்னா ஒச்சாயி. "அங்க கொடிக்காலெல்லாம் தண்ணியில்லாமக் கருகிக் கெடக்கு. உங்க வெத்தல இந்த ஆணியிலதான் நின்னுக்கிட்டு இருக்கு. ஒண்ண எடுத்து இன்னொண்ணு பக்கத்துல வச்சுப் பாருங்க. எல்லாம் ஒரே எடத்துல ஒடைஞ்சிருக்கு. தானா ஒடைஞ்சா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எடத்துல ஒடையாதா?"

ராசா ஒண்ண எடுத்தாரு, ரெண்ட எடுத்தாரு, மூண எடுத்தாரு. ஜனம் கருகுனப்பக் கேக்காத காது, வெத்தல இல்லேன்னதும் நல்லாக் கேட்டுச்சு பாருங்க! "கூப்பிடு அந்த வியாபாரிய! ஆணி எங்கன்னு கேக்குறேன்!"

"கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாரு ராசா. என்கிட்ட மூணு தரம் சொன்ன வாயி. நீங்க கேக்காதீங்க, வாங்குங்க. அரமனைத் தோட்டத்துக்கு ஒரு ராட்டினம் வேணும்னு சொல்லி விடுங்க. ராசாவுக்குக் கொடுக்குறப்ப என்ன கொடுக்குறாருன்னு பாப்போம்."

ராசாவுக்கு அது பிடிச்சுப் போச்சு. அப்படியே சொல்லி விட்டாரு.

மறுநாளே குபேரலிங்கம் வந்துட்டான். ராட்டினத்துக்குச் செவப்புச் சாயம் பூசி, மாலை போட்டு, முன்னால மேளம் வச்சுக் கொண்டாந்தான். ஒச்சாயி ஒரு தூணுக்குப் பின்னால நின்னுக்கிட்டா.

"இது ஒடைஞ்சு போனா என்னய்யா பண்றது?"ன்னு ராசா கேட்டாரு.

"ஒடையாது ராசா! உங்களுக்குன்னு நல்ல இரும்புல அடிச்ச ஆணி. தப்பித் தவறிப் போனாலும் பயமே இல்ல. இந்தா பாருங்க!" சொல்லிட்டுக் கொண்டாந்த மூட்டைய அவுத்தான். மூட்டை நிறைய அஞ்சு மூலை ஆணி! "எதை எடுத்தாலும் பொருந்தும் ராசா. எங்க ராட்டினம் எல்லாத்துக்கும் ஓட்டை ஒண்ணுதான்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும் ராசா!"

தூணுக்குப் பின்னால இருந்து ஒச்சாயி வந்தா. தன்னோட ராட்டினத்தத் தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்தா. மூட்டைக்குள்ள கைய விட்டு ஒரு ஆணிய எடுத்தா, ஓட்டையில வச்சுத் திருகுனா. 'சொளக்'குன்னு உள்ள போயி உக்காந்துக்கிச்சு. கைப்பிடியச் சுத்துனா, சக்கரம் கலகலன்னு சுத்துச்சு.

ஒச்சாயி வியாபாரி பக்கம் திரும்புனா.

"பழைய தினுசுன்னீங்களேய்யா! அச்ச உருக்கிட்டேன்னீங்களேய்யா! வெளி ஆளு கை வச்சதுன்னீங்களேய்யா! ஒரு மூட்டையில்ல வச்சிருக்கீங்க?"

வியாபாரிக்கு வேர்த்துக் கொட்டுச்சு. "ராசா, பாதி விலைக்குக் கொடுத்தா பாதிச் சாமான்தான் கொடுக்க முடியும். இல்லாதவங்களுக்கு இதுவே பெருசில்லையா?"

அவ்வளவுதான், ஒச்சாயிக்கு வந்துச்சே கோவம்!

"மெலிசான சாமான் கொடுத்திருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன். மெதுவாச் சுத்தியிருப்பேன், அடிக்கடி எண்ணெ போட்டிருப்பேன், ஒடைஞ்சா எங்க ஆசாரிய வச்சு ஒட்டுப் போட்டு ஓட்டியிருப்பேன். இல்லாதவங்க அப்படித்தான்யா பொழைக்கிறோம். நீ என்ன செஞ்ச? ஒடையணும்னே மண்ணக் கலந்த. எங்க ஆளு சரி பண்ணிரக் கூடாதுன்னே ஈயத்த ஊத்துன. உள்ளவன் இன்னொண்ணு வாங்கிக்குவான். நான் இன்னொரு தண்டட்டிக்கு எங்க போவேன்? என் புருசன் மண்ணுல தவழ்ந்து தண்ணி தெளிக்கிறாரு, நீ என்னயத் தொடப்பக்கட்டையால இறைக்கச் சொன்ன!"

ராசா எந்திரிச்சுட்டாரு. என்ன தண்டனை கொடுத்தாரு? தலைய வெட்டச் சொல்லல. அந்த ஆணி மூட்டைய வியாபாரி தலையில ஏத்தச் சொன்னாரு. "நீ வித்த ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்தே போ. உன் கையாலயே ஈயத்தச் சொரண்டிப் பொட்டியத் தொற. நல்ல ஆணியப் போடு. எந்தக் கொல்லையில பயிரு வாடுச்சோ, அந்தக் கொல்லையில பயிரு நிமிர்ற வரைக்கும் நீயே நின்னு தண்ணி இறை. கருகுனதுக்குப் புதுக் கொடி நட்டுக் கொடு. இனிமே என் நாட்டுல எவனும் தொறக்க முடியாத பொட்டிய விக்கக் கூடாது. எந்தச் சாமான வித்தாலும் ஊரு ஆசாரிக்கு அளவச் சொல்லிட்டுத்தான் விக்கணும்."

குபேரலிங்கம் நடந்தான். செருப்புத் தேஞ்சுச்சு, கை கொப்புளிச்சுச்சு, கழுத்து சுளுக்கிச்சு. அந்தப் பொண்டாட்டிய அடிச்ச ஆளு இருந்தான்ல, அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்க, அந்தம்மாதான் முன்னால வந்து, "நல்லா இறுக்கித் திருகுங்க"ன்னு வியாபாரிய வேல வாங்குனா.

கடைசியா ஒச்சாயி கொடிக்காலுக்கு வந்தான். வரப்புல நின்னு, "தப்புத்தான் தாயி, மன்னிச்சுரு"ன்னான்.

ஒச்சாயி அவனப் பாத்தா, கருகிப்போன கொடியப் பாத்தா. "மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். அந்த வடக்கு வரிசைக்கு இன்னும் தண்ணி போகல, சுத்து"ன்னா.

அவன் சுத்துனான். மூணு மாசம் சுத்துனான். புதுக் கொடி பிடிச்சு ஏறி, மொதக் கொழுந்து கிள்ளுற அன்னைக்குத்தான் அவனப் போன்னு சொன்னா.

விக்கிறவன் தான் வித்ததுக்குப் பதில் சொல்லணும், அது பாதி விலையா இருந்தாலும் சரி, கால் விலையா இருந்தாலும் சரி. அம்புட்டுத்தான் கண்ணுங்களா. ராசாவுக்கு வெத்தல வந்துருச்சு, வாய் செவந்துருச்சு, எனக்கும் சொல்லிச் சொல்லி வாய் காஞ்சிருச்சு, போர்வைய இழுத்து மூடிப் படுங்க.