விளக்கடி ஏரியில் ஒரு காலி இலை

"கூட்டத்தோட இருந்தா பயமில்லடா, ஆனா..." என்று பெரியப்பா தவளை ஏதோ சொல்வார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வந்தது பாசியனுக்கு மறந்துபோயிருந்தது.

பாசியன் காட்டுப் பாறைக்குட்டையில் வாழ்ந்த தவளை. அந்த வருடம் குட்டை வற்றிக்கொண்டே வந்தது. பூச்சியும் அருகிப்போனது. அவன் மனைவி அல்லி முட்டையிடும் காலமோ நெருங்கிவிட்டது.

அப்போது அல்லியின் அண்ணன் தெப்பன் வந்து சேர்ந்தான். உடம்பெல்லாம் பளபளவென்று மின்னியது.

"என்ன மாப்பிள்ளை, இன்னும் இந்தச் சேத்தையே கட்டிக்கிட்டு அழுறீங்களா? விளக்கடி ஏரிக்கு வாங்க! கரை முழுக்க விளக்கு. பூச்சி தானா வந்து வாயில விழும். பாடுறதுதான் வேலை! ஊரு நாளுக்கு நாள் பெருகுது!"

"இவ்வளவு கூட்டத்துல நமக்கு இடம் கிடைக்குமா மச்சான்?"

"தினம் ஏதாவது ஒரு தாமரை இலை காலியாகுது. நான் பிடிச்சுத் தர்றேன்!"

"முதல்ல நீங்க போய்ப் பாருங்க. நல்லா இருந்தா நானும் வர்றேன்," என்றாள் அல்லி.

ஏரியைப் பார்த்ததும் பாசியன் மலைத்துப்போனான். எத்தனை இலை! எத்தனை குரல்! தெப்பன் தன் இலைக்குப் பக்கத்து இலையைக் காட்டினான்.

"இதுல முன்னாடி யார் இருந்தது?"

"யாரோ இருந்தான். பேரெல்லாம் யார் கேட்டா? உட்காருங்க, பாடுங்க!"

வயிறு நிறைந்தது. பாசியனும் பாடினான்.

பாறைக்குட்டையில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்துத் தவளையின் குரல் நின்றால், நீயும் நிறுத்த வேண்டும். அந்த அமைதி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும். நொடியில் குட்டையே மூச்சடங்கும். பாம்பு வந்திருக்கிறது என்று அதற்குப் பொருள்.

ஒரு நாள் அந்தி. தூறல் விழுந்தது. தெப்பன் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தான். பாட்டு நடுவில் அறுந்தது.

பாசியன் சட்டென்று வாயை மூடினான். மற்றவர்களும் மூடுவார்கள் என்று காத்திருந்தான். யாரும் மூடவில்லை.

"ஏய் புதுசு! ஏன் நிறுத்துன? ஏரித் தலைவருக்குத் தெரிஞ்சா உன் இலை போயிடும்!" என்று பின்னாலிருந்து ஒரு கிழத்தவளை கத்தியது.

"என் மச்சான் குரல் கேட்கலையே!"

"இத்தனை பேர் பாடுறோம். ஒருத்தன் குரல் குறைஞ்சா என்ன தெரியப்போகுது? பாடு, பாடு!"

பாசியன் திரும்பினான். விளக்கு வெளிச்சத்தில் ஒரு நீர்ப்பாம்பு. அதன் வாயோரத்தில் தெப்பனின் ஒற்றைக் கால் உதைத்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் உள்ளே போனது. பாம்பு அவசரப்படவில்லை. பாட்டுக் கேட்க வந்ததுபோல அங்கேயே மிதந்தது.

தெப்பனின் இலை ஆடி ஓய்வதற்குள் ஒரு புதுத் தவளை அதில் தாவி ஏறியது.

"அண்ணே, இது காலிதானே? முன்னாடி யார் இருந்தது?"

தன் இலையில் முன்பு இருந்தவன் எங்கே போனான் என்பது பாசியனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"தெப்பன்னு பேரு. எங்க மச்சான். சத்தம் போடாதே, பாம்பு பக்கத்துலயே கிடக்கு!"

"போங்கண்ணே! வந்த அன்னைக்கே பயமுறுத்துறீங்களே!"

புதுத் தவளை சிரித்தது. தொண்டையை உப்பிக்கொண்டு பாடத் தொடங்கியது. பாம்பு மெல்லத் தலையைத் திருப்பியது.

பாசியன் இலைக்கு இலை தாவிக் கரையேறினான். வற்றுகிற குட்டையிலேயே அல்லியோடு மழைக்குக் காத்திருப்பது என்று முடிவு செய்தான். பெரியப்பாவின் அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வந்தது வழியில் நினைவுக்கு வந்தது.

எத்தனை பெரிய ஊரானாலும், நம் குரல் நின்றால் திரும்பிப் பார்க்க ஆளில்லாத இடத்தில் நமக்குக் காவல் இல்லை.